டார்ச் அடித்துப் பாருங்கள்

“போர்டு போயிருச்சு சார்.”

இந்த மூன்று சொற்களுக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன். சொன்னவர் மீது எனக்குக் கோபமில்லை. கழுத்தில் அடையாள அட்டை, எதிரே டோக்கன் எண் மாறிக்கொண்டிருக்கும் திரை, மாதக் கடைசிக்குள் எட்ட வேண்டிய ஏதோ ஓர் எண்ணிக்கை. அப்படிச் சொல்வது அவருடைய வேலை. அந்தச் சொற்களை அவர் வாயில் வைத்தது யார், அதைக் கேட்டதும் தலையாட்டிவிட்டு வரும்படி நம்மைப் பழக்கியது யார் என்பதுதான் என் கேள்வி.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அதில் என் முட்டாள்தனமும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டுக் கம்பெனியைத் திட்டுவது நியாயமாக இருக்காது.

நான் மெய்ப்புப் பார்த்துப் பிழைப்பவன். டிசம்பர் மாதம் எங்களுக்கெல்லாம் அறுவடைக் காலம். ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சி, அதற்குள் எல்லா நாவல்களும் அச்சுக்குப் போயாக வேண்டும். கையில் 340 பக்க நாவல் ஒன்று இருந்தது. 212ஆம் பக்கத்தில் நிற்கிறேன். ஒரு வாரமாகவே மடிக்கணினியின் மூடியைக் கொஞ்சம் சாய்த்தால் திரை மினுக்கும், நிமிர்த்தினால் சரியாகிவிடும். கீல் பக்கம் போகிற கேபிள் தளர்ந்திருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. ராத்திரி ஒன்றரை மணிக்கு, தூக்கம் கெட்ட தைரியத்தில், ஒரு வீடியோவைப் பார்த்துக்கொண்டே பின்பக்கத்துத் திருகுகளைக் கழற்றினேன். வீடியோ வேறு மாடலுக்கானது. பரவாயில்லை என்று திரைக் கேபிளை உருவி, துடைத்து, திரும்ப அழுத்திச் செருகினேன்.

பேட்டரியைக் கழற்றவில்லை. கழற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரியாது.

மூடி, பவர் பட்டனை அழுத்தினேன். விசைப்பலகையில் விளக்கு எரிந்தது. விசிறி சுற்றியது. விண்டோஸின் ஒலிகூடக் கேட்டது. திரை மட்டும் கறுப்பு.

நண்பனுக்கு ஃபோன் போட்டேன். தூக்கக் கலக்கத்தில் ஒரே ஒரு வரி சொன்னான்: “ஸ்கிரீன் மேல சாய்வா டார்ச் அடிச்சுப் பாருடா.” ஃபோன் வெளிச்சத்தைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துச் சாய்த்தேன். கிணற்றுத் தண்ணிக்கு அடியில் கிடக்கிற சாமான் மாதிரி மங்கலாக எழுத்துகள் தெரிந்தன. 212ஆம் பக்கம். நான் போட்ட திருத்தங்கள். எல்லாம் அப்படியே இருந்தன. வெளிச்சம் மட்டும்தான் இல்லை.

இங்கே கொஞ்சம் நின்று, அந்தத் திரைக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். தெரியாததால்தான் நாம் ஏமாறுகிறோம்.

எல்.சி.டி. திரை தானாக ஒளி விடாது. அது லட்சக்கணக்கான குட்டிச் சன்னல்கள் கொண்ட ஒரு தட்டி, அவ்வளவுதான். எந்தச் சன்னல் எவ்வளவு திறக்க வேண்டும் என்பது படம். அதற்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வர வேண்டும். அதுதான் பேக்லைட். பழைய மடிக்கணினிகளில் மெல்லிய குழல் விளக்கு ஒன்று இருந்தது. அதற்கு உயர் மின்னழுத்தம் கொடுக்க இன்வெர்ட்டர் என்று தனியாக ஒரு நீளமான சிறு போர்டு. இன்வெர்ட்டர் போனால் அதை மட்டும் வாங்கி மாட்டலாம். பிறகு எல்.இ.டி. வந்தது. இப்போது திரையின் ஓரத்தில் ஒரு வரிசை எல்.இ.டி.கள் இருக்கின்றன. அதற்கான மின்சாரம் மதர்போர்டிலிருந்து, படத்தைக் கொண்டுபோகும் அதே கேபிள் வழியாகப் போகிறது. போகும் வழியில், கேபிள் செருகும் இடத்துக்குப் பக்கத்தில், பல மாடல்களில் ஒரு ஃப்யூஸ் உட்கார்ந்திருக்கும். கடுகு அளவு.

ஆக, திரை இருண்டால் கேட்க வேண்டிய கேள்விகள் அதிகமில்லை. எச்.டி.எம்.ஐ. கேபிளில் டிவியை இணைத்தால் படம் வருகிறதா? வந்தால் படத்தை உருவாக்கும் பகுதி நன்றாக இருக்கிறது. டார்ச் அடித்தால் மங்கலாகப் படம் தெரிகிறதா? தெரிந்தால் அந்தச் சன்னல் தட்டியும் நன்றாக இருக்கிறது. பிரைட்னஸ் விசையைத் தெரியாமல் முழுதாகக் குறைத்துவிட்டோமா? மூடி மூடியிருப்பதைக் கண்டுபிடிக்கக் காந்தத்தை உணரும் சென்சார் ஒன்று உண்டு. அது குழம்பிக்கிடக்கிறதா? இதெல்லாம் இல்லையென்றால் மிச்சம் நான்கே சந்தேகங்கள்: கேபிள், எல்.இ.டி. வரிசை, அதை இயக்கும் சில்லு, ஃப்யூஸ். ஒரு மல்டிமீட்டர் இருந்தால் இந்த நான்கில் எது என்று பெரும்பாலும் அரை மணி நேரத்தில் சொல்லிவிடலாம்.

அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் இந்த அரை மணி நேரத்தை யாரும் செலவழிக்கவில்லை. முதல் நாள், “டிஸ்ப்ளே மாத்தணும் சார், 14,800 ஆகும்” என்றார்கள். மறுநாள் ஃபோன். வேறு திரையைப் போட்டுப் பார்த்தார்களாம், வெளிச்சம் வரவில்லையாம். “போர்டு போயிருச்சு சார். 31,000. டேட்டாவுக்கு நாங்க பொறுப்பில்ல, ஃபார்ம்ல கையெழுத்து போட்டிருக்கீங்க.” நான்கு வருடம் முன்பு மாதத் தவணையில் 52,000 ரூபாய்க்கு வாங்கிய கணினி. நான் மௌனமாக இருந்ததைப் பார்த்து அவரே ஆறுதலும் சொன்னார்: “இதுக்கு செலவு பண்றதுக்கு புதுசே வாங்கிடலாம் சார். எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் இருக்கு.”

“டார்ச் அடிச்சா படம் தெரியுதுங்க. டிவியில போட்டா எல்லாம் சரியா வருது. அப்புறம் எப்படி போர்டு போயிருச்சுங்கிறீங்க?” என்று கேட்டேன்.

“நாங்க போர்டு லெவல்ல பாக்கறதில்ல சார். மாத்தித்தான் குடுப்போம்.”

இதுதான் உண்மையான பதில். முந்தைய வாக்கியத்தைவிட நேர்மையானது. கோளாறு எங்கே என்று பார்ப்பது அங்கே வேலையே இல்லை. எந்தப் பெட்டியை எடுத்து எந்தப் பெட்டியை வைப்பது என்பதுதான் வேலை. ஒரு வகையில் அவர் சொன்னது பொய்யும் அல்ல. போன ஃப்யூஸ் போர்டில்தான் இருந்தது. ஹாலில் ட்யூப்லைட் எரியவில்லை என்றால் எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, “வீடு போயிருச்சு சார்” என்று சொன்னால் அதுவும் அதே அளவுக்கு உண்மைதான்.

*

கணினியைத் திரும்ப வாங்கிக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் போதும், மிச்சத்தைக் கூட்டம் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்க்கும். ஒரு மாடிப்படி, மேலே ஒரே ஒரு அறை. மைக்ராஸ்கோப், ஹாட் ஏர் கன், சாலிடரிங் அயர்ன், சுவர் முழுக்கச் செத்த போர்டுகள். உட்கார்ந்திருந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். நான் கதை சொல்ல ஆரம்பித்ததுமே நிறுத்தினார்.

“நீ தொறந்தியா தம்பி?”

“ஆமாண்ணே.”

“பேட்டரி கழட்டாம கேபிள் சொருகினியா?”

பதில் சொல்லவில்லை. அவருக்கும் அது தேவைப்படவில்லை. அந்தக் கனெக்டரில் ஊசிகள் மயிரிழை இடைவெளியில் இருக்கின்றன. மின்சாரம் ஓடும்போது கோணலாகச் செருகினால் பக்கத்து ஊசியோடு தொட்டுவிடும், உடனே ஃப்யூஸ் போய்விடும். “தினம் ஒண்ணு வருது இதே மாதிரி,” என்றார்.

அவருடைய கணினியில் ஒரு கோப்பைத் திறந்தார். என் மடிக்கணினியின் சர்க்யூட் வரைபடம். எந்தச் சில்லு எங்கே, எந்தக் கோடு எதிலிருந்து எதற்கு, எல்லாம் இருந்தது. “இது எங்கண்ணே கிடைச்சுது?” என்றேன். “அத மட்டும் கேக்காத.” மல்டிமீட்டரை வைத்தார். ஃப்யூஸின் ஒரு பக்கம் வோல்டேஜ் இருந்தது, மறுபக்கம் இல்லை. உடனே மாற்றிவிடவில்லை. அந்த லைனில் வேறெங்காவது ஷார்ட் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. சுவரிலிருந்து ஒரு செத்த போர்டை எடுத்து, அதே மதிப்புள்ள ஃப்யூஸைக் கழற்றி இதில் வைத்தார்.

ஒரு கம்பியால் இணைத்துவிட்டாலும் எரியுமே என்று கேட்டேன். கொஞ்சம் அறிவாளி மாதிரி காட்டிக்கொள்ள ஆசை.

“எரியும். அடுத்த தடவ ஃப்யூஸுக்குப் பதிலா போர்டே எரியும். அது சாகறதுக்குன்னே வெச்சிருக்கான். அந்த வேலைய அது ஒழுங்காத்தான் செஞ்சிருக்கு.”

இருபத்தைந்து நிமிடம், 800 ரூபாய். 212ஆம் பக்கம் வெளிச்சத்தோடு வந்தது.

*

“அதிர்ஷ்டம் உனக்கு, அதுக்காக ஒரு கட்டுரையா?” என்று கேட்கலாம். எனக்கு மட்டும் நடந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். 2018இல் கனடாவின் சி.பி.சி. செய்தி நிறுவனம், திரையில் வெளிச்சம் வராத ஒரு மேக்புக் ப்ரோவை மறைகாமிராவோடு ஆப்பிள் கடைக்கு எடுத்துப் போனது. ஈரம் பட்டிருக்கிறது என்று சொல்லி ஆயிரம் டாலருக்கு மேல் மதிப்பிட்டார்கள். அதே கணினியை நியூயார்க்கில் லூயிஸ் ராஸ்மன் என்ற ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனார்கள். திரைக் கேபிளில் ஓர் ஊசி வளைந்திருந்தது. அவர் அதை நிமிர்த்தினார். வெளிச்சம் வந்துவிட்டது. என் கதையும் அந்தக் கதையும் ஒன்றுதான். ஊர்தான் வேறு.

அதே நிறுவனத்தின் 2016 மாடல்களில் இன்னொன்றும் நடந்தது. பேக்லைட்டுக்கான கேபிள் மிகவும் மெல்லியது. மூடியைத் திறக்கத் திறக்க மடிந்து தேய்ந்தது. கீழ் ஓரத்தில் மேடை விளக்கு மாதிரி வெளிச்சம் திட்டுத் திட்டாகும், பிறகு மொத்தமாகப் போகும். கேபிள் திரையோடு சேர்ந்தே செய்யப்பட்டிருந்ததால் அதை மட்டும் மாற்ற வழியில்லை. முழுத் திரையும் மாற்ற வேண்டும். பிந்தைய மாடலில் கேபிள் 2 மில்லிமீட்டர் நீளமானதை ஐஃபிக்ஸிட் குழுவினர் அளந்து காட்டினார்கள். பயனர்கள் கூச்சல் போட்ட பிறகு, 2019 மே மாதம் 13 அங்குல 2016 மாடலுக்கு இலவசமாகச் சரிசெய்து தருவதாக ஆப்பிள் அறிவித்தது. கூச்சல் போடாமல் அமைதியாகப் பணம் கட்டியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்குப் பின்னால் பெரிய சதி இருப்பதாக நான் சொல்லவில்லை. 1924இல் ஜெனீவாவில் பல்பு கம்பெனிகள் கூடி, ஒரு பல்பு ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் எரியக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டதைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். அது நடந்ததுதான். ஆனால் இன்றைக்கு யாரும் அறைக்குள் ரகசியமாகக் கூட வேண்டியதில்லை. ரிப்பேர் செய்ய ஒரு ஆளைப் பழக்கி, மைக்ராஸ்கோப் வாங்கி, அரை மணி நேரம் கொடுப்பதைவிடப் பெட்டியை மாற்றுவது சுலபம். அதற்கான செலவை நம் தலையில் கட்டினால் போதும். நாமும் கட்டிக்கொள்கிறோம்.

என் சித்தப்பா கோவில்பட்டியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். பழைய வால்வு ரேடியோ பெட்டியின் முதுகைக் கழற்றினால் உள்ளே ஒரு தாள் ஒட்டியிருக்கும். அந்த ரேடியோவின் சர்க்யூட் படம். ஒட்டியவர் அதைச் செய்த கம்பெனிக்காரர். ‘நாளை இது கெட்டுப்போகும், ஊர்பேர் தெரியாத யாரோ ஒருவர் இதைத் திறப்பார், அவருக்கு உதவியாக இருக்கட்டும்’ என்ற எண்ணம் அந்தத் தாளில் இருந்தது. சித்தப்பா எட்டாவது வரை படித்தவர். அந்தத் தாள்களைப் பார்த்துப் பார்த்தே தொழில் கற்றார்.

ரிச்சி தெரு அண்ணன் அதே வேலையைத்தான் செய்கிறார். ஆனால் அவர் பார்க்கும் வரைபடம் எங்கிருந்தோ கசிந்தது. “அத மட்டும் கேக்காத” என்று சொல்லித்தான் அவர் தொழில் செய்ய வேண்டியிருக்கிறது. அவர் சித்தப்பாவைவிடத் திறமைக்காரர். சித்தப்பாவுக்கு மைக்ராஸ்கோப் தேவைப்பட்டதில்லை. ஆனாலும் இரண்டு தலைமுறைக்குள், கம்பெனியே கொடுத்த ஒரு படத்தை ஒளித்துவைத்துப் பார்க்கும் நிலைக்கு அந்தத் தொழிலைத் தள்ளிவிட்டோம். எனக்கு 31,000 ரூபாயைவிட இதுதான் அதிகம் எரிச்சல் மூட்டுகிறது.

*

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும்.

“கண்டவன் திறந்தால் கெட்டுப்போகும்.” ஆமாம், நானே கெடுத்தேன். ஏன் கெடுத்தேன்? ‘முதலில் பேட்டரியைக் கழற்றவும்’ என்ற ஒரு வரி எனக்குக் கிடைக்கவில்லை. லெனோவா, டெல், எச்.பி. போன்ற நிறுவனங்கள் தங்களுடைய பல மாடல்களுக்குக் கழற்றிப் பூட்டும் கையேட்டை யாரும் படிக்கும்படி இணையத்தில் வைத்திருக்கின்றன. பேட்டரியைப் பற்றிய எச்சரிக்கை அதில் இருக்கிறது. அதனால் அந்தக் கம்பெனிகள் மூழ்கிவிடவில்லை. கையேட்டை ஒளித்துவைத்தால் ஆட்கள் திறக்காமல் இருப்பதில்லை. தப்பாகத் திறக்கிறார்கள்.

“தெருக் கடைக்காரர்கள் ஏமாற்றுவார்கள், நல்ல பாகத்தைக் கழற்றிவிட்டுப் பழசைப் போடுவார்கள்.” சிலர் செய்வார்கள். எனக்கே ஒரு தடவை நடந்திருக்கிறது. ஆனால் ஒரு ஃப்யூஸுக்கு 31,000 கேட்பதற்கு நாம் என்ன பெயர் வைத்திருக்கிறோம்? அங்கே ரசீது கிடைக்கிறது, ஏசி இருக்கிறது, டோக்கன் கிடைக்கிறது. அதனால் அது ஏமாற்று ஆகாதா? தெருவில் நடக்கும் ஏமாற்றைக் குறைக்க ஒரே வழி, அசல் பாகங்களும் வரைபடமும் நியாயமான விலையில் எல்லாருக்கும் கிடைப்பது. ஒளிவுமறைவில் நடக்கும் தொழிலில் திருடனும் திறமைசாலியும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள்.

“மெல்லிசா வேணும்னு கேட்டது நீங்கதானே?” கேட்டோம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஃப்யூஸ் எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் வரைந்து கொடுத்தால் கணினி எத்தனை மில்லிமீட்டர் தடிக்கும்?

*

இப்போது நம் பக்கம் வருகிறேன். இதைப் படிக்கிற உங்களையும் எழுதுகிற என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

திரை போன அன்று இலக்கிய நண்பர்கள் குழுவில் விஷயத்தைப் போட்டேன். பதினோரு பதில்கள் வந்தன. ஒன்பது பேர் புதிதாக எதை வாங்கலாம் என்று மாடல் பெயர் சொன்னார்கள். ஒருவர் “டெக்னாலஜியே இப்படித்தான், மனுஷன அடிமையாக்கிடும்” என்றார். நுகர்வுப் பண்பாட்டைப் பற்றி நாற்பது பக்கம் எழுதக்கூடியவர்கள் எல்லாரும். டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னவன் எங்கள் குழுவிலேயே இல்லை. ஐ.டி.ஐ. படித்துவிட்டு, ஏ.சி. மெக்கானிக்காக இருக்கும் என் பள்ளித் தோழன்.

இது தற்செயல் இல்லை. நாம் தொழில்நுட்பத்தை ஒன்று வழிபடுகிறோம், இல்லையென்றால் சபிக்கிறோம். திருகைக் கழற்றிப் பார்ப்பதில்லை. கழற்றுகிறவனுக்கு நம் மனதில் என்ன இடம்? ‘இன்ஜினியரிங்’ படித்தால் அறிவு, ஐ.டி.ஐ. படித்தால் கைவேலை. கையில் அழுக்குப் படும் வேலைக்குக் கீழே ஒரு படி. அந்தப் படிக்கட்டைக் கட்டியது எந்தக் கம்பெனியும் இல்லை. சாதி கட்டியது. பிணியின் மூலத்தைத் தேடிப் பார்த்துத் தீர்ப்பது அறிவு என்றால், மல்டிமீட்டரோடு உட்கார்ந்திருந்த அந்த அண்ணன் செய்தது அறிவு வேலை. டோக்கன் கொடுத்துப் பெட்டி மாற்றியதுதான் கைவேலை. நாம் அதைத் தலைகீழாக வைத்திருக்கிறோம். அதனால்தான் அடையாள அட்டை போட்டவர் சொன்ன மூன்று சொற்களை உடனே நம்புகிறோம், மாடிப்படி ஏறிப் போய் இன்னொருவரிடம் கேட்பதில்லை.

‘புதுசு வாங்கிக்கோ’ என்பது எல்லாருக்கும் சொல்லக்கூடிய பதிலும் இல்லை. 2011இலிருந்து தமிழ்நாடு அரசு லட்சக்கணக்கான மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுத்தது. எத்தனையோ வீடுகளுக்கு அதுதான் முதல் கணினி. அப்படியொரு வீட்டில் திரை இருண்டால் எக்ஸ்சேஞ்ச் ஆஃபரா காப்பாற்றும்? பக்கத்து டவுனில் ஒரு சாலிடரிங் அயர்னோடு உட்கார்ந்திருக்கும் ஆள்தான் காப்பாற்றுவார். அந்த ஆள் கடையை மூடினால் அந்த வீட்டின் கணினியும் மூடிவிடும். மின்கழிவை அதிகம் உருவாக்கும் நாடுகளில் சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் அடுத்து நாம்தான் இருக்கிறோம். கடுகளவு ஃப்யூஸுக்காகத் தூக்கிப் போடப்பட்ட கணினிகளும் அந்தக் குவியலில் கிடக்கின்றன.

சட்டத்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்லாதீர்கள். பிரான்ஸில் 2021 ஜனவரியிலிருந்து மடிக்கணினி போன்றவற்றில் ‘எவ்வளவு எளிதாகச் சரிசெய்யலாம்’ என்று பத்துக்கு இத்தனை என மதிப்பெண் போட்டு விற்க வேண்டும். வரைபடமும் கையேடும் கிடைக்குமா, பாகங்கள் என்ன விலை என்பதெல்லாம் அந்த மதிப்பெண்ணில் சேரும். கலிஃபோர்னியா 2023இல் இயற்றிய சட்டப்படி, உதிரி பாகங்களையும் கருவிகளையும் ஆவணங்களையும் வெளி ரிப்பேர்காரர்களுக்கும் கொடுக்க வேண்டும். இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் ஒரு குழு அமைத்தது, அதே ஆண்டு இறுதியில் ‘சரிசெய்யும் உரிமை’க்காக ஓர் இணையதளமும் தொடங்கியது. இணையதளம் நல்லதுதான். ஆனால் கம்பெனிகள் விரும்பினால் சேரலாம் என்கிற ஏற்பாடு உரிமை ஆகாது. நான் கேட்பது மூன்று: வரைபடத்தைக் கொடுங்கள், பாகத்தைத் தனியாக விற்றுத் தொலையுங்கள், ‘போர்டு போயிருச்சு’ என்று சொல்வதற்கு முன்னால் போர்டில் எது போயிருக்கிறது என்று எழுத்தில் கொடுங்கள்.

மூன்றாவதைச் சட்டம் வரும்வரை காத்திருக்காமல் நாளைக்கே நீங்கள் கேட்கலாம். “எது போயிருக்கு? எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” இரண்டே கேள்விகள். பதில் வரவில்லை என்றால் கணினியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

நாவல் சொன்ன தேதிக்கு இரண்டு நாள் தாமதமாக அச்சுக்குப் போனது. பதிப்பாளர் திட்டினார், வாங்கிக்கொண்டேன். போன வாரம் அண்ணன் கடைக்கு இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். குழுவில் எனக்குப் புது மாடல் பெயர் சொன்ன ஒன்பது பேரில் ஒருவர். திரை கறுப்பு. படியேறும்போதே, “டார்ச் அடிச்சுப் பாத்தீங்களா?” என்று கேட்டேன். “பாத்தேன்,” என்றார், “எழுத்து தெரியுது.”